ஆதார் நகல் கேட்டால் எதைக் கொடுப்பது?

மார்த்தாண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கணினியில் டவுன்லோடு ஃபோல்டர் திறந்தே கிடந்தது. யார் யாருடைய ஆதார் பிடிஎஃப்களோ அதில் வரிசையாக இருந்தன. கடைக்காரரைத் தப்பு சொல்ல மாட்டேன். கூட்டத்துக்கு நடுவில் யார் உட்கார்ந்து அழிப்பது? அந்தக் கோப்பின் பாஸ்வேர்டும் பெரிய ரகசியம் இல்லை. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், அதோடு பிறந்த வருடம். உங்களைத் தெரிந்த யாரும் திறந்துவிடலாம்.

எல்லா இடத்திலும் முழு எண் உள்ள நகலைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆதார் ஆணையத்தின் மைஆதார் இணையதளத்தில் டவுன்லோடு செய்யும்போது ‘மாஸ்க்டு ஆதார்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதில் டிக் செய்யுங்கள். பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி நான்கு மட்டும் தெரியும் நகல் வரும். அதிலுள்ள க்யூஆர் குறியீட்டில் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருப்பதால் ஸ்கேன் செய்தே அசலா போலியா என்று பார்த்துவிடலாம். அதைச் சரிபார்க்கும் முறையை ஆணையம் வெளியிட்டிருக்கிறது. விவரம் தெரிந்த யாரும் அதற்கு ஒரு மென்பொருள் எழுதலாம். ஆதாரில் திறந்த தொழில்நுட்பம் என்று மனதாரச் சொல்லக்கூடிய இடங்களில் இது ஒன்று.

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களிடம் லாட்ஜில் முதலில் கேட்பதே ஆதார்தான். அங்கே மாஸ்க்டு நகலைக் கொடுங்கள், இல்லையென்றால் வாக்காளர் அட்டையையோ லைசென்ஸையோ காட்டுங்கள். வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. பான் இணைப்புக்கும் அரசு மானியங்களுக்கும் மட்டும் ஆதார் கேட்கலாம் என்றது அதே தீர்ப்பு.

நகலை விடப் பெரிய விஷயம் கைரேகை. ஊரில் வங்கி முகவரிடம் விரல் வைத்துப் பணம் எடுக்கிறோமே, அதற்கு ஆதார் எண், வங்கிப் பெயர், ரேகை மூன்றும் போதும். ஓடிபி வராது. பத்திரப் பதிவு ஆவணத்தில் வைத்த ரேகையை எடுத்து, சிலிக்கானில் அச்சு வார்த்து, கணக்கைக் காலி செய்த மோசடிகள் வட மாநிலங்களில் மட்டுமல்ல, தெலங்கானாவிலும் பிடிபட்டிருக்கின்றன. இதற்கு மருந்து பயோமெட்ரிக் லாக், அதாவது உங்கள் ரேகையை வைத்து யாரும் ஆதார் சரிபார்க்க முடியாதபடி பூட்டி வைப்பது. மைஆதார் தளத்திலோ எம்ஆதார் செயலியிலோ இலவசமாகப் போட்டுவிடலாம்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. லாக் போட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போனால் அங்கேயும் விரல் எடுக்காது! வரிசையில் நிற்கும்போதே செயலியில் தற்காலிகத் திறப்பைக் கொடுங்கள். பத்து நிமிடம் திறந்திருந்து தானாகப் பூட்டிக்கொள்ளும். இதற்கெல்லாம் ஓடிபி வர வேண்டும், அதனால் மொபைல் எண் ஆதாரில் பதிவாகியிருப்பது அவசியம். இல்லையென்றால் ஆதார் மையத்துக்கு நேரில் போய்ச் சேர்க்கலாம், கட்டணம் 75 ரூபாய். மீன் பிடிக்கிறவர்கள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துப் போய்விடுங்கள்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கும் வலை இழுக்கிறவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும், லாக் இல்லாமலே மிஷின் எடுக்காது. அதைச் சொல்லி ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கடையில் தயங்காமல் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நம்மிடம் ஒப்புதல் வாங்குகிறவர்கள் கேட்டால் தமிழிலும் விளக்கம் தர வேண்டும் என்பது போன்ற முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம். சரி, அது வரும்போது வரட்டும்.

இன்றைக்கே செய்ய இன்னொன்று இருக்கிறது. மைஆதாரில் ‘அங்கீகார வரலாறு’ பாருங்கள். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எப்போது, யாரால் சரிபார்க்கப்பட்டது என்று வரும். நீங்கள் போகாத இடம் இருந்தால் ஆதார் உதவி எண் 1947-க்குக் கூப்பிடுங்கள். பணமே போயிருந்தால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930, அப்புறம் வங்கி. உங்கள் பக்கமும் வங்கி பக்கமும் தவறில்லாத மோசடி என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவர் மீது இழப்பைச் சுமத்தக் கூடாது என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.