நங்கூரத்தில் கேபிள் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள்

சமீபத்தில் இன்னொரு கப்பல். நங்கூரத்தை ஏற்றும்போதே வழக்கத்தைவிடக் கனமாக இருந்திருக்கிறது. தண்ணீருக்கு மேல் வந்ததும் பார்த்தால், அதன் கொக்கியில் தார் பூசிய தடித்த கேபிள் ஒன்று தொங்குகிறது. உடனே நிறுத்தியிருக்க வேண்டும். இவர்களோ இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி உதறப் பார்த்திருக்கிறார்கள். கேபிள் கழன்று விழுந்தது, ஆனால் உள்ளே நசுங்கிப்போய். அந்தக் கப்பலில் நம் ஊர்ப் பையன்களும் இருந்தார்கள் என்பதால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

கடலுக்கடியில் மின்சாரம் கொண்டுபோகும் டிசி (நேர்மின்னோட்ட) கேபிள் வேலையில் இருக்கும் என்னிடம் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி: "சார், கேபிள் கடலுக்கு அடியில் கிடக்கிறது, நங்கூரம் எப்படி அங்கே போய் எட்டும்?" எட்டுவதற்காகத்தானே ஐயா நங்கூரம் செய்திருக்கிறார்கள்! தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் ஆழங்குறைந்த கடல்தான். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே, கேபிள் போகும் டோவர் நீரிணையில் எங்கேயும் 70 மீட்டரைத் தாண்டாது. உங்கள் கப்பலின் சங்கிலியில் ஒரு ஷாக்கிள், அதாவது ஒரு துண்டு, 27.5 மீட்டர். பத்துப் பதினோரு ஷாக்கிள் இருக்கும். 300 மீட்டர் சங்கிலியை வைத்துக்கொண்டு 70 மீட்டர் எட்டாது என்றால் எப்படி?

அடுத்து, "புதைத்துத்தானே வைத்திருக்கிறீர்கள்?" என்பார்கள். புதைக்கிறோம். பல இடங்களில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர். பெரிய கப்பலின் நங்கூரம் இளகிய சேற்றில் அதையும் தாண்டி இறங்கும். பாறை உள்ள இடத்தில் புதைப்பது கடினம், பெரும்பாலும் மேலே கல் கொட்டி மூடுவோம். பெரிய நங்கூரம் இழுபட்டால் அந்தக் கல்லும் எப்போதும் காப்பாற்றாது.

ஏன் டிசி என்று இங்கே நீட்டி முழக்கப் போவதில்லை. நீளமான கடலடி கேபிளில் ஏசி (மாறுமின்னோட்டம்) விட்டால் கேபிளை சார்ஜ் செய்வதற்கே பாதி கரண்ட் போய்விடும், அவ்வளவுதான்.

இங்கிலாந்து–பிரான்ஸ் கதையையே பாருங்கள். 1961ல் 160 மெகாவாட்டுக்கு முதல் இணைப்பைப் போட்டபோது கேபிளைக் கடல் தரையில் சும்மா விரித்துவிட்டார்கள். மீன்பிடி வலையும் நங்கூரமும் அதைத் திரும்பத் திரும்பக் கெடுத்தன. 1986ல் 2000 மெகாவாட்டுக்கு அடுத்ததைப் போட்டபோது பள்ளம் தோண்டிப் புதைத்தார்கள். அப்புறமும் 2016 நவம்பரில் புயலடித்த நேரத்தில் கப்பல் நங்கூரம் ஒன்று இழுபட்டு, எட்டு கேபிளில் நான்கு போயின. பாதிச் சக்தி காலி. சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த ஆண்டு பிறந்துவிட்டது.

அது பெரிய நாடு, சமாளித்தார்கள். டாஸ்மேனியாவின் பாடு வேறு. ஆஸ்திரேலியப் பெருநிலத்தோடு அதை இணைக்கும் 500 மெகாவாட் பாஸ்லிங்க் 2015 டிசம்பரில் பழுதானது. காரணம் எதுவாகவும் இருக்கட்டும், ஆறு மாதம் இணைப்பு இல்லை. அதே நேரம் மழையும் இல்லை. நீர்மின்சாரத்தை நம்பியிருக்கும் தீவில் அணைகளின் மொத்த இருப்பு 15 சதவீதத்துக்கும் கீழே போனது. டீசல் ஜெனரேட்டர்களைக் கொண்டுவந்து ஓட்டினார்கள், பெரிய தொழிற்சாலைகள் மின் பயன்பாட்டைக் குறைத்துக்கொண்டன.

"ஒரு ஜாயின்ட் போட ஆறு மாதமா?" என்பவர்களுக்காக. முதலில் அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான கப்பல் எங்கோ வேறு கடலில் வேலையாக இருக்கும், அது வர வேண்டும். தண்ணீர் புகுந்த நீளத்தை முழுதாக வெட்டி எறிய வேண்டும். பிறகு கப்பல் தளத்தில் கூடாரம் போட்டு, உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து, எண்ணெயில் ஊறிய காகித நாடாவைக் கையாலேயே ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றுவார்கள். ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது, ஒரு சொட்டு வியர்வை விழக்கூடாது. ஒரு ஜாயின்ட்டுக்கே நாள்கணக்கில் ஆகும். பழைய இடத்தில் புதுத் துண்டைச் செருகுவதால் இரண்டு ஜாயின்ட். அத்தனை நாளும் கடல் அமைதியாக இருக்க வேண்டும்.

சரி, தம்பிகளே, செய்ய வேண்டியதைக் கேளுங்கள். பயணம் கிளம்பும் முன் நங்கூரத்தின் தடுப்பும் கட்டும் சரியாக இருக்கிறதா என்று போய்க் கண்ணால் பாருங்கள், செக்லிஸ்ட்டில் டிக் அடிப்பது பார்த்ததாகாது. சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) கேபிள் கோடு இருக்கும் பக்கம் நங்கூரம் போடாதீர்கள். காரணமில்லாமல் வேகம் குறைந்தால் இன்ஜினை மட்டும் சந்தேகப்படாதீர்கள், முன்பக்கம் ஆளனுப்புங்கள்.

மாட்டிவிட்டதா? ஏற்றுவதை நிறுத்துங்கள். கோடாரியை எடுக்காதீர்கள். லைன் டிரிப் ஆகிவிட்டாலும் டிசி கேபிளில் சார்ஜ் தங்கியிருக்கும். எர்த் செய்யாமல் எங்கள் ஆட்களே தொட மாட்டார்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு கரைக்குத் தகவல் சொல்லுங்கள். விடுவிக்க வழியில்லை என்றால் மிதவை கட்டி, சங்கிலியோடு நங்கூரத்தை விட்டுவிடுங்கள்.

"நங்கூரம் போனால் கம்பெனிக்கு யார் பதில் சொல்வது?" என்ற பயம்தான் எல்லா வினைக்கும் காரணம். 1884 பாரிஸ் உடன்படிக்கையிலேயே இதற்கு வழி இருக்கிறது: கேபிளைக் காப்பாற்ற நங்கூரத்தையோ வலையையோ இழந்தால், இழப்பீடு தர வேண்டியவர் கேபிளின் உரிமையாளர். இன்றைய ஐ.நா. கடல் சட்டத்தின் 115வது பிரிவும் அதையே சொல்கிறது. முன்னெச்சரிக்கையாக இருந்தும் நடந்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆகவே நடந்ததை உடனே எழுதி, உடனிருந்தவர்களின் சாட்சியத்தையும் சேர்த்து வையுங்கள்.

நம் பாக் நீரிணைப் பக்கத்துக்கும் இது வரலாம். இந்தியா–இலங்கை டிசி இணைப்புக்கு 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. பாக் விரிகுடா மிக ஆழங்குறைந்த கடல், இழுவைமடி (டிராலர் வலை) ஓடும் கடல். பாதை எதுவானாலும், ஆய்வுக்கு ஆட்கள் வரும்போது ஒதுங்கி நிற்காதீர்கள், அண்ணன்மாரே. எந்த மீன்பிடிப் பாடுகளில் மடி இழுக்கிறீர்கள், மடியின் பலகை எங்கே சேற்றில் புதைகிறது, காற்றுக்காலத்தில் எங்கே நங்கூரம் போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். கேபிளை எவ்வளவு ஆழத்தில் புதைப்பது என்ற கணக்கை எங்கள் ஆட்கள் அதை வைத்துத்தான் போட முடியும்.