கொழகொழப்புக்கும் ஓர் அளவு உண்டு

சில நாள் கழுவாத தண்ணீர் வாளியின் உட்புறத்தை விரலால் தடவினால் வழுக்கும். பாசி என்று தேய்த்துக் கழுவிவிடுகிறோம். பச்சை நிறமே இல்லாமல் வெறுமனே வழுக்கினால், அது பெரும்பாலும் பாக்டீரியாக்களின் குடியிருப்பு. ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் கலந்த பசையைச் சுரந்து, அதற்குள்ளேயே பெருகுகின்றன. இதற்குப் பெயர் பயோஃபிலிம், தமிழில் உயிரிப்படலம். குழாயை அடைக்கும், குளோரினை எளிதில் உள்ளே விடாது. பல்லில் படிவதும் இதே சங்கதிதான்.

இந்தத் தொல்லையைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலைக்கு அமர்த்திய வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, 1980களின் பிற்பகுதியில் நார்வேயில் உருவானது. கே1 என்றொரு பிளாஸ்டிக் துண்டு. குறுக்களவு 9 மி.மீ., நீளம் 7 மி.மீ. சிறு குழாயை நறுக்கி, உள்ளே கூட்டல் குறி போட்டதுபோல் இருக்கும். நீரைவிடச் சற்றே லேசானது என்பதால், அடியிலிருந்து காற்றடித்தால் கழிவுநீர்த் தொட்டி முழுக்கச் சுற்றிவரும். இந்தத் துண்டுகளை ஒரு கனமீட்டர் குவித்தால், படலம் ஒட்ட 500 சதுர மீட்டர் இடம் கிடைக்கும்.

ஒட்டுவதற்கு இடம் எதற்கு? கழிவுநீரின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் படு மந்தம். குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியா வசதியான சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கோ ஒரு நாள்கூடப் போதாமல் போகும். நீரில் மிதந்தால், பெருகுவதற்குள் அடித்துச் செல்லப்படும். ஒட்டிக்கொண்டால் பிழைக்கும். ஆனால் உணவு மிகுந்த நீரில் வேகமாக வளரும் மற்ற பாக்டீரியாக்கள் மேலே படர்ந்து இவற்றை மூச்சுத்திணற வைத்துவிடும். அதனால்தான் பல இடங்களில் இரண்டு தொட்டிகள்: முதலாவது அந்தப் பெருந்தீனிக்காரர்களுக்கு, அடுத்தது இந்த மந்தக்காரர்களுக்கு.

வடிவத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துண்டுகள் ஓயாமல் மோதுவதால் வெளிப்புறத்தில் படலம் நிற்காது. உட்புறம் மட்டும் பத்திரம். அங்கும் தடித்துக்கொண்டே போகக் கூடாது. ஆக்சிஜன் பெரும்பாலும் 0.1 மி.மீ. ஆழம்வரைதான் ஊடுருவும், அதற்குக் கீழே இருப்பவற்றால் அம்மோனியாவுக்குப் பயனில்லை. ஆகவே அடியிலிருந்து காற்றடிக்கும் புளோயருக்கு இரண்டு வேலை: மூச்சு கொடுப்பது, தடித்ததை உரசி உதிர்ப்பது.

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் எம்பிபிஆர் (படலம் ஒட்டிய துண்டுகள் சுற்றிவரும் கழிவுநீர்த் தொட்டி) என்ற பெயரில் ஓடுவது இதுதான். கரண்ட் பில்லுக்குப் பயந்து புளோயரை மணிக்கணக்கில் நிறுத்தினால், கால்வாசிச் செலவு மிஞ்சுகிறதோ இல்லையோ, நாற்றம் நிச்சயம். மீடியா எனப்படும் அந்தத் துண்டுகளை ஒரு கை அள்ளிப் பாருங்கள். மெல்லிய பழுப்புப் படலம் என்றால் நலம். கறுப்பாகி, அழுகிய முட்டை வாடை வீசினால் உள்ளே காற்றில்லை.

படலமே வேண்டாத இடங்களும் உண்டு. கழிவுநீரை வடிகட்டும் சவ்வுகளில் அது நுண்துளைகளை அடைக்கும். பாக்டீரியாக்கள் வேதிச் சமிக்ஞைகளை வெளியிட்டு, கூட்டம் சேர்ந்துவிட்டதா என்று கணித்த பிறகே பசையைக் கூட்டுகின்றன. அந்தச் சமிக்ஞையையே சிதைக்கும் ரோடோகாக்கஸ் பாக்டீரியாவை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் மணிகளுக்குள் அடைத்துத் தொட்டியில் விட்டார்கள் தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அடைப்பு தாமதமானது. ஆனால் உருளும் மணிகள் சவ்வை உரசவும் செய்கின்றனவே! பலனில் சமிக்ஞைக்கு எவ்வளவு, உரசலுக்கு எவ்வளவு என்று பிரித்தறிய, பாக்டீரியா இல்லாத வெற்று மணிகளையும் தனியே ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.