ஈஸ்ட்ரோஜன்: சொல்லுக்குள் ஒரு மாட்டு ஈ

சிராவயல் பொட்டலில் மஞ்சுவிரட்டுக் காளை கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற சொல் சட்டென்று பிடிபடும். கிரேக்கத்தில் 'ஒய்ஸ்த்ரோஸ்' என்றால் மாட்டைக் கடிக்கும் ஈ. கடிபட்ட மாட்டின் வெறிக்கும் அதே பெயர். லத்தீன் வழியாக 'ஈஸ்ட்ரஸ்' ஆன இச்சொல்லை, 1900இல் ஆங்கிலேய விலங்கியலாளர் வால்டர் ஹீப் பாலூட்டி விலங்குகளின் சினைப்பருவத்துக்குச் சூட்டினார். நம் ஊரில் "மாடு கத்துது, ஊசி போடணும்" என்கிறோமே, அந்தப் பருவம்தான். அதை உண்டாக்குவது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்.

ஹார்மோனுக்கு 'இயக்குநீர்' அருமையான சொல். 'ஹார்மோன்' என்ற பெயருக்காக 1905இல் ஆங்கிலேய உடலியலாளர் ஸ்டார்லிங் எடுத்தாண்ட கிரேக்க வேருக்கும் 'முடுக்கிவிடு' என்றே பொருள். ஆனால் ஈஸ்ட்ரோஜனைப் 'பெண்மை இயக்குநீர்' என்பதுதான் இடிக்கிறது. ஆணின் மூளையும் அரோமட்டேஸ் என்ற நொதியைக் கொண்டு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது.

விபத்து போன்ற பேரதிர்ச்சியில் ஈஸ்ட்ரோஜனின் வேலை என்ன? லாரி மோதிப் பிழைத்த ஒருவருக்கு ஹாரன் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்கும். மூளைக்குள் பாதாம்பருப்பு அளவிலுள்ள அமிக்டலா கொடுக்கும் எச்சரிக்கை அது. ஆபத்தில்லாமல் அதே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது, மூளையின் முன்பகுதி 'பயமில்லை' என்ற புதுப்பாடத்தைக் கற்று அமிக்டலாவை அடக்கும். பழைய பயம் அழிவதில்லை, அமுங்குகிறது, அவ்வளவுதான். எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜன்களில் வீரியமானது) குறைந்திருக்கும் நாட்களில் கற்ற பாடம் மறுநாள் சரியாக நிற்பதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மாதவிலக்கின் முதல் சில நாட்கள் அப்படிப்பட்டவை. கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன்பு அளவு உச்சத்துக்குப் போகும். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் இரு மடங்கு வருவதற்கு இந்த ஏற்ற இறக்கமும் ஒரு காரணமாகலாம். இது மட்டுமே காரணம் என்பது அவசர முடிவு. எந்த வகை அதிர்ச்சி என்பதும் கணக்கில் வரும்.

பலர் கோட்டைவிடும் இடம் ரத்தச் சோதனை. தூக்கமில்லை, படபடப்பு என்று போனவருக்குக் கார்ட்டிசால் (மன அழுத்தத்தில் கூடும் ஹார்மோன்) பார்க்கச் சொன்னால், காலை 8 மணி வாக்கில் ரத்தம் கொடுக்க வேண்டும். மாலையில் அளவு இயல்பாகவே இறங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அம்மாத்திரை, கார்ட்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கல்லீரலில் கூடுதலாகச் சுரக்கவைக்கும். புரதத்தோடு ஒட்டியதும் சேர்த்து எண்ணப்படுவதால் அறிக்கையில் அளவு எகிறி நிற்கும்; உடம்பில் வேலை செய்யும் தனிக் கார்ட்டிசாலோ இயல்பாகவே இருக்கும்.