இட்லிப்பூ ஏன் வெளுக்கிறது?

எங்கள் தெருவில் காம்பவுண்டு சுவர் வைத்த வீடுகளில் பாதிக்கு மேல் இட்லிப்பூச் செடி நிற்கிறது. அவற்றில் பலவற்றுக்கு ஒரே நோய். நுனி இலைகள் எலுமிச்சை மஞ்சளாக வெளுத்திருக்கும். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரியும். சத்து போதவில்லை என்று மாட்டுச் சாணத்தையும் கடை உரத்தையும் அள்ளிப் போடுகிறார்கள். கணிப்பு சரி, வைத்தியம்தான் தப்பு.

இதன் பழைய பெயர் வெட்சி. பகைவர் நாட்டு ஆநிரையைக் கவரப் போன வீரர்கள் சூடிய பூ. அந்தப் போரைத் தொல்காப்பியர் "வெட்சி தானே குறிஞ்சியது புறனே" என்று குறிஞ்சியோடு சேர்க்கிறார். அதற்குக் காரணங்கள் சொல்லும் உரையாசிரியர் இளம்பூரணர், சூடிய பூவும் குறிஞ்சிக்கு உரியது என்பதை ஒரு காரணமாக வைக்கிறார். போர் இலக்கணத்தில் தோட்டக் குறிப்பைத் தேடுவது கொஞ்சம் அத்துமீறல்தான். ஆனாலும் இந்தக் குறிப்பு பயன்படும்: இது மலைச்சாரல் செடி. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். (1753-இல் லின்னேயஸ் வைத்த 'இக்சோரா' என்ற பெயர், 'ஈசுவரன்' போர்ச்சுகீசிய எழுத்துக்கூட்டலில் சிக்கி வந்த வடிவம். அந்த மொழியில் எக்ஸ் எழுத்துக்கு 'ஷ' ஒலி உண்டு.)

மழை அதிகம் பெய்யும் சரிவுகளில் நீர் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது புளிப்பான, அதாவது அமிலத்தன்மை கொண்ட மண். வெட்சி அதற்குப் பழகியது. கார அமில நிலை (பி.எச்.: 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-க்கும் 6-க்கும் நடுவே இருந்தால் அதற்குச் சுகம். நாம் அதைக் கொண்டுவந்து நடும் இடமோ சுவரோரம். கட்டட வேலையில் சிந்திய சிமென்ட்டும் சுண்ணாம்பும் அங்கே மண்ணோடு கலந்து கிடக்கின்றன. மேலே ஊற்றுவது உப்புப் படியும் போர்வெல் தண்ணீர். மண்ணின் நிலை 7-ஐத் தாண்டி 8-ஐ நெருங்குகிறது.

அங்கே செடிக்குப் பஞ்சமாவது இரும்பு. வேடிக்கை என்னவென்றால், மண்ணில் இரும்புக்குக் குறைவே இல்லை. செம்மண் சிவந்திருப்பதே இரும்புத் துருவால்தான். ஆனால் வேர் எதையும் கரைசலாகத்தான் உறிஞ்ச முடியும். கார அமில நிலை ஒரு படி ஏறினால் துரு இரும்பின் கரைதிறன் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். வேரும் சும்மா இருப்பதில்லை. அமிலத்தைக் கசியவிட்டுத் தன்னைச் சுற்றியுள்ள துருவை இளக்கப் பார்க்கிறது. போர்வெல் நீரில் உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை அவ்வப்போதே முறித்துவிடுகிறது.

பச்சையத்தின் மூலக்கூறில் இரும்பு கிடையாது. நடுவில் இருப்பது மக்னீசியம். ஆனால் பச்சையத்தைத் தயாரிக்க இரும்பு வேண்டும். பழைய இலைக்குள் போய்ச் சேர்ந்த இரும்பு எளிதில் வெளியே வராது. அதனால்தான் கீழே கரும்பச்சையும் நுனியில் மஞ்சளும். தழைச்சத்துக் குறைவில் இது தலைகீழாக இருக்கும், கீழ் இலைதான் முதலில் பழுக்கும். (தளிர் செம்பு நிறத்தில் வருவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

ஆணியைப் புதைப்பார்கள் சிலர். துரு நிறைந்த மண்ணுக்கு இன்னும் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால், மண்ணை ஒதுக்கிவிட்டு இரும்பு நேராக இலைக்குப் போகும். வெளுத்த நிலக்கடலைக்கு விவசாயிகள் செய்வதும் இதுதான். புதிது புதிதாக வரும் இலைக்குத் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும் என்பது இதன் குறை. மண்ணில் இடும் இரும்பு செலேட் (இரும்பைக் கரையும் வடிவில் பிடித்து வைக்கும் சேர்மம்) வாங்கினால் பெயரைப் பாருங்கள். ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை கார மண்ணில் இரும்பைக் கைவிட்டுவிடும், ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை பிடித்து வைத்திருக்கும், விலைதான் கூட. கந்தகத் தூள் மெதுவாக வேலை செய்யும், பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்க வாரங்கள் ஆகும்.

புதிதாக நடுபவர்களுக்கு வழி சுலபம். மழைக்காலத்தில் பாதி முற்றிய தண்டை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். சுவரை விட்டு இரண்டு மூன்று அடி தள்ளி, நல்ல வெயிலில் வையுங்கள். பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். வேலியைப் போல ஓயாமல் மட்டமாகக் கத்தரித்தால் மொட்டும் சேர்ந்தே போகும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் கத்தரிப்பதே முறை.

பூ உதிரும் முன் ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். நான்கு இதழ், கீழே நூல் போன்ற நீளக் குழல். தேன் அடியில் இருப்பதால் நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பட்டாம்பூச்சிக்குத்தான் எட்டும். அதற்கடுத்து, நடுநரம்பை உருவி நுனியை நக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு. அவர்கள் உருவுவது சூல்தண்டு, பூவின் பெண் பாகம். பூ மலருமுன்பே மகரந்தம் அதன்மேல் கொட்டிவிடும். மலர்ந்ததும் அது வெளியே நீண்டு, வரும் பட்டாம்பூச்சியின் மேல் மகரந்தத்தைத் தடவும். பிறகுதான் அதன் நுனி இரண்டாகப் பிளந்து, வேறு பூவின் மகரந்தத்தை வாங்கத் தயாராகும். ஒரே தண்டு முதலில் கொடுக்கிறது, அப்புறம் வாங்குகிறது.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு ஒன்று: மாடியில் விழும் மழைநீரைப் பிடித்து வைத்து இதற்கு ஊற்றுங்கள். அதில் சுண்ணாம்பு இல்லை.