ரெட்ரோ: ‘பழங்கால’ அன்று, பழம்பாணி

இந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்காள் மகன் எங்கெங்கோ தேடி எனக்கு வாங்கித் தந்தது, நின்டெண்டோ நிறுவனம் 2016இல் வெளியிட்ட, உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறப் பெட்டி. 1980களில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய வீடியோ கேம் கருவியின் உருவத்தை அப்படியே சிறிதாக்கி, அதில் ஓடிய ஆட்டங்களில் 30ஐ உள்ளேயே பதித்திருக்கிறார்கள். அதே வாரத்தில், பண்டிகைப் பரிசுகளைப் பற்றிய ஓர் இதழ்க் கட்டுரை, ஆங்கிலத்தில் ‘ரெட்ரோ’ எனப்படும் இவ்வகைக் கருவிகளை ‘பழங்காலக் காணொளி விளையாட்டுகள்’ என்று குறிப்பிட்டிருந்தது. ‘ரெட்ரோ’வுக்கு இந்த மொழிபெயர்ப்பைப் பலமுறை பார்த்துவிட்டதால், இது ஏன் பொருந்தாது என்று எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

‘ரெட்ரோ’ என்னும் இலத்தீன் சொல்லுக்குப் ‘பின்புறமாக’ என்பது பொருள். முந்தைய பத்தாண்டுகளின் உடையும் அலங்காரமும் மீண்டும் விரும்பப்பட்டதைக் குறிக்க 1970களில் பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கையாண்டார்கள். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது.

தமிழில் ‘பழங்கால’ என்றால் நாணயமும் சிலையும் ஓலைச்சுவடியும்தான் நினைவுக்கு வரும்; ‘பழங்கால விளையாட்டு’ என்று கேட்பவர் பல்லாங்குழியையோ தாயத்தையோ எண்ணுவாரே அன்றி, 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தை எண்ணமாட்டார். கேசட்டைக் கழற்றி, அதன் வாயில் ஊதி, மீண்டும் செருகித் திரை தெளிகிறதா என்று பார்த்தவர்கள் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய சிறுவயதைப் பழங்காலம் என்பது காலக்கணக்கிலேயே பிழை. இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. 2014இல் வெளிவந்த ‘ஷவல் நைட்’ என்ற ஆட்டத்தையும் உலகம் ரெட்ரோ என்றே அழைக்கிறது. ஆட்டம் புதியது, வரைந்த முறையும் இசையும் மட்டுமே 8 பிட் காலத்தவை, அதாவது 1980களின் எளிய கருவிகளுக்குரியவை. இதை எந்த மனத்தோடு ‘பழங்கால’ என்று எழுதுவது?

பாணியே இச்சொல்லின் உயிர் என்பதற்கு அந்த ஆட்டத் தொடரின் நாயகன் மாரியோவின் முகம் ஒன்றே போதும். 1981இல் ‘டாங்கி காங்’ ஆட்டத்துக்காக நின்டெண்டோவின் வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ அந்த உருவத்தை வரைந்தபோது, விரல்விட்டு எண்ணத்தக்க புள்ளிகளில் வாயையும் தலைமுடியையும் காட்ட வழியில்லாததால் மீசையும் தொப்பியும் வைத்தார். வசதிக்குறைவில் பிறந்த அந்த அழகை, எல்லா வசதியும் உள்ள காலத்தில் விரும்பி மேற்கொள்வதையும் ரெட்ரோ என்கிறோம்.

‘பின்னோக்கு’ என்று வேரை அப்படியே பெயர்த்து வைப்போரும் உண்டு. அது கடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கட்டுரைக்கு ஏற்றது. ஆட்டத்துக்குச் சேர்த்தால், பின்புறமாக நடந்து ஆடுவது போலிருக்கும். ‘செவ்வியல்’ என்பதோ தரத்தைப் பற்றிய தீர்ப்பு. சுமாரான ஆட்டமும் ரெட்ரோவாக இருக்கலாம். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அத்தொடரைத் தமிழர் ஒருவர் வாய்விட்டுச் சொல்வாரா என்று கேட்டுப் பார்க்காத வழக்கம் மொழிபெயர்ப்பாளரிடையே பெருகிவிட்டது. ‘காணொளி விளையாட்டு’ம் அத்தகையதே: காணொளி என்பது பார்ப்பதற்குரிய பதிவு, இதுவோ கையால் ஆடுவது. ‘வீடியோ கேம்’ என்று எல்லோரும் சொல்வதை அப்படியே எழுதலாம். தமிழ்தான் வேண்டுமென்றால் ‘நிகழ்பட ஆட்டம்’ இருக்கிறது.

நான் பரிந்துரைப்பது ‘பழம்பாணி’. பழம்பெருமை, பழம்பாடல் என்பவற்றின் வழியில் இயல்பாகப் புணர்கிறது. பாணி தூய தமிழா என்று தயங்குவோருக்கு ஒன்று சொல்வேன்: சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே அச்சொல் தாளம் என்ற பொருளில் வருகிறது, இன்று அதை நடை, முறை என்ற பொருளில் அறியாதவர் இல்லை.

இனிப் பிரித்து எழுதுவதும் எளிது. 1985இன் மாரியோ பழைய ஆட்டம். ‘ஷவல் நைட்’ பழம்பாணி ஆட்டம். அக்காள் மகன் தந்தது, பழைய ஆட்டங்கள் நிறைந்த பழம்பாணிக் கருவி.