ராத்திரி ஒரு மணிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி

நான் மயக்க மருத்துவர். காவிரி டெல்டாவில் ஒரு தாலுகா ஊரில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் ஆபரேஷன் தியேட்டர் உள்ள நர்சிங் ஹோம்கள் ஐந்து, மயக்க மருத்துவர்கள் இரண்டே பேர். காலையில் ஓரிடத்தில் சிசேரியன், பத்து மணிக்கு இன்னோர் இடத்தில் ஹெர்னியா, சாயங்காலம் வேறொரு தெருவில் எலும்பு ஆபரேஷன் என்று பைக்கில் சுற்றிக்கொண்டிருப்பேன். குழந்தை மருத்துவர் பாடும் அதேதான். ஆக, சின்ன ஊர் ஆஸ்பத்திரிகள் ஆட்களை எப்போதோ பங்குபோட்டுக்கொண்டுவிட்டன. ரத்தம், ஆக்ஸிஜன் சிலிண்டர், பிறந்த குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மர், படுக்கை என்று வரும்போதுதான் அவரவர் காம்பவுண்டோடு நின்றுவிடுகிறோம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தெருவெல்லாம் மரம், சாய்ந்த மின்கம்பம். கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. ஐந்து ஆஸ்பத்திரியிலும் ஜெனரேட்டர் உண்டு, ஐந்துக்கும் போதுமான டீசல் கிடையாது. இரண்டாம் நாள் டாக்டர்கள் எல்லோரும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். ஒரே ஜெனரேட்டர் ஓடட்டும், ஆபரேஷன் எல்லாம் அந்தக் கட்டடத்தில் நடக்கட்டும், அவரவர் சிஸ்டர்களை அவரவர் கூட்டி வரட்டும் என்று முடிவானது. பிரசவமானதும் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்ஸிடோசின், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. வெக்கையில் கிடந்து வீரியம் போனால், ஊசி போட்டும் கர்ப்பப்பை சுருங்காது. அதனால் எல்லோருடைய ஆம்பூல்களும் ஒரே ஃபிரிட்ஜுக்கு வந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் பிளாஸ்டரை ஒட்டி, எந்த ஆஸ்பத்திரி என்று பேனாவால் எழுதி வைத்தார்கள் சிஸ்டர்கள்.

அந்த நாட்களில் நாங்கள் நன்றாகவே வேலை பார்த்தோம். ஆனால் கரண்ட் வந்த அன்றே அந்த ஏற்பாடு கலைந்துபோனது. யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

எழுதி வைக்காததன் விலை 2021 மே மாதம் தெரிந்தது. நான் போய்வரும் ஓர் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஒரு மணிக்கு ஆக்ஸிஜன் தீரப்போகிறது என்று போன். ‘டி’ டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 7,000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடும் ஒருவருக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் வரும். சின்ன ‘பி’ டைப்பில் 1,500 லிட்டர்தான், இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பக்கத்து ஆஸ்பத்திரியில் மறுபேச்சு இல்லாமல் ஒரு பெரிய சிலிண்டரைக் கொடுத்தார்கள். ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினால், சிலிண்டர் வாயில் மாட்டி ஆக்ஸிஜன் அளவைக் கட்டுப்படுத்தும் எங்கள் ரெகுலேட்டர் அதில் உட்காரவில்லை. புல் நோஸ் வால்வு ஒரு மாதிரி, பின் இண்டெக்ஸ் வால்வு வேறு மாதிரி. ஒன்றின் ரெகுலேட்டர் மற்றதில் சேராது. திரும்ப ஆளை அனுப்பி ரெகுலேட்டரும் சாவியும் வாங்கி வர இருபது நிமிடம் ஆனது. அதுவரை மிச்சமிருந்த ‘பி’ டைப்பின் முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொடுக்க மனம் இருந்தும், என்ன வால்வு என்று முன்கூட்டியே கேட்டு வைக்காததால் வந்த வினை.

அதற்கப்புறம்தான் ஒரு தாள் தயாரித்தோம். ஐந்து ஆஸ்பத்திரி, எதில் என்ன இருக்கிறது, என்ன வால்வு, ராத்திரி போன் எடுப்பவர் யார். தியேட்டர் சுவரில் ஒட்டியிருக்கிறது. மாதம் ஒரு தடவை ஒரு சிஸ்டர் எல்லா நம்பருக்கும் போன் செய்து சரிபார்ப்பார். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

போன வருஷம் அந்தத் தாள் கைகொடுத்தது. சுகப்பிரசவம். குழந்தை நல்லபடியாக அழுதது, நஞ்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது, ஆனால் கர்ப்பப்பை இறுகவில்லை. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர்போல ரத்தம் ஓடுகிறது. அது கல்மாதிரி இறுகினால்தான் ரத்தக்குழாய்கள் மூடும். ஆக்ஸிடோசின் ஓடியது. ரத்தம் உறைய உதவும் ட்ரனெக்ஸாமிக் ஆசிட் போட்டோம். அது பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டிய மருந்து. பிரசவம் பார்த்த டாக்டரம்மா கர்ப்பப்பைக்குள் அழுத்திப் பிடிக்கும் பலூன் வைத்தார். ரத்தம் நின்றதுபோல இருந்து மறுபடி கசிந்தது. ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரியோ முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி.

108-க்கு போன் போன கையோடு டாக்டரம்மா இரண்டு டியூபில் ரத்தம் எடுத்தார். கட்டில் பக்கத்திலேயே நின்று, டியூப் மேல் பெயர், வயது, எடுத்த நேரம் எழுதி, கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தோடு பெண்ணின் அண்ணனிடம் கொடுத்து பைக்கில் அனுப்பிவிட்டார். நான் ரத்த வங்கி டெக்னீஷியனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொடுக்கப்போகும் ரத்தம் பெண்ணின் ரத்தத்தோடு சேருமா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் முடிய முக்கால் மணி நேரமாவது ஆகும். ஆம்புலன்ஸ் வந்து, பெண்ணை ஏற்றிக் கிளம்பவே அரை மணி ஆகிவிட்டது. லேபர் வார்டு சிஸ்டர் கூடவே போனார், வழி முழுக்க வயிற்றின் மேல் கை வைத்துப் பிசைந்துகொண்டே. இறங்கிப் பத்தே நிமிடத்தில் முதல் பை ரத்தம் ஏறியது. சாம்பிளை அங்கே போய் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. நாலாம் நாள் தாயும் பிள்ளையும் வீடு திரும்பினார்கள்.

ஒரு விஷயத்தை எங்கள் ஆட்களிடமே சொல்ல வேண்டும். சின்ன ஆஸ்பத்திரிகள் தாமதமாக ரெஃபர் செய்வதற்கு அறியாமை மட்டும் காரணமில்லை, பயமும் காரணம். நோயாளி போய் இறங்கியதும், “இவ்வளவு நேரம் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்?” என்று பெரிய ஆஸ்பத்திரியில் யாராவது ஒருவர் சொந்தக்காரர்கள் காதுபடக் கேட்டுவிடுகிறார். மறுநாள் கூட்டம் இங்கே வாசலில் வந்து நிற்கிறது. அடுத்த தடவை அந்த டாக்டர் இன்னும் அரை மணி நேரம் தானே பார்த்துவிடலாம் என்று நினைப்பார். அந்த அரை மணியில் ஓர் உயிர் போய்விடும். தவறு நடந்திருந்தால் கேளுங்கள், கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் போனில், டாக்டரிடம், நோயாளி தேறிய பிறகு கேளுங்கள். அனுப்புகிறவர்களும் “மேல் சிகிச்சைக்கு” என்று ஒற்றை வரிச் சீட்டு கொடுத்துவிடக் கூடாது. கொடுத்த மருந்து, அளவு, நேரம், போன ரத்தம், கடைசியாகப் பார்த்த பிரஷர் எல்லாம் எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் போனிலாவது சொல்லுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருப்பவர்களுக்கு: எட்டாம் மாதச் செக்கப்பிலேயே டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும்? அனுப்ப வேண்டி வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு? கூட யார் வருவார்கள்? இப்படிக் கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ரெஃபர் என்று சொன்னதும் “கைவிட்டுவிட்டார்களே” என்று வாக்குவாதத்தில் இறங்காதீர்கள், வண்டியில் ஏறுங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால், அதே வகையுள்ள உறவினர் இரண்டு பேரின் நம்பரைப் பிரசவ ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ராத்திரியில் அந்த ஃபைலைத்தான் நாங்கள் முதலில் திறப்போம்.