முழு பிரேக்கை ஒருமுறையாவது மிதித்திருக்கிறீர்களா?

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவர்களில் பெரும்பாலோர் கியரைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். அது பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். பயிற்சியாளராக எனக்குக் கவலை தருவது பிரேக். குலுங்காமல், மெல்ல அழுத்தி நிறுத்தவே எல்லோருக்கும் சொல்லித் தருகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் மிதிக்க வேண்டிய மிதி வேறு. அதை ஒருமுறைகூட மிதித்துப் பார்க்காமலேயே பலர் உரிமம் வாங்கிவிடுகிறார்கள்.

கிளட்சைப் பாதியில் பிடித்து வண்டியை ஊர்ந்து போகவிடத் தெரிந்ததும் மாணவர்களை ஆளில்லாத மைதானத்துக்கு அழைத்துப் போகிறேன். முதலில் இருக்கையைச் சரிசெய்கிறோம். பிரேக்கை முழுவதும் அழுத்திய பிறகும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும், முதுகு சாய்மானத்தை விட்டு விலகக் கூடாது. தள்ளி உட்கார்ந்தவரால் வலுவாக மிதிக்க முடியாது.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது "நிறுத்துங்கள்" என்பேன். சிலர் கிளட்சை மட்டும் மிதிப்பார்கள். அதனால் வண்டி நிற்காது. பிரேக்கை ஓங்கி மிதிப்பவர்களோ, பெடல் காலடியில் தடதடவென்று அதிர்ந்ததும் ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். உண்மையான ஆபத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய தவறு இது. அந்த அதிர்வு, ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பு வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். சக்கரம் இறுகி நின்றுவிடாதபடி அது பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்குகிறது. சக்கரம் உருள்வதால்தான் பிரேக்கில் கால் இருக்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒதுங்க முடிகிறது. காலை எடுக்காதீர்கள், வண்டி நிற்கும்வரை அழுத்துங்கள். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் சக்கரம் வழுக்கினால் மட்டும் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்த வேண்டும்.

பார்வையும் முக்கியம். மோதிவிடுவோமோ என்று எதை வெறித்துப் பார்க்கிறோமோ, கை அந்தப் பக்கமே வண்டியைத் திருப்பும். ஆகவே ஒதுங்க இடமிருக்கும் பக்கத்தைப் பார்க்கப் பழக்குகிறேன்.

அடுத்து, ஒரே கோட்டில் பிரேக் மிதிக்கத் தொடங்கி, 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்ற இடத்தில் ஒரு கல், 40இல் வந்து நின்ற இடத்தில் ஒரு கல் வைக்கச் சொல்வேன். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதைக் காலால் அளந்து பார்த்தவர்கள், நான் சொல்லாமலேயே முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விடுகிறார்கள். 60இல் போகும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவும் கடந்துவிடும்.

உங்கள் பயிற்சியாளர் இதைச் சொல்லித் தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பல ஆண்டுகளாக ஓட்டுபவர்களும் ஒரு நாள் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆளில்லாத இடத்தில் முழு பிரேக்கை மிதித்துப் பாருங்கள்.